இங்கிருந்து காஷ்மீர் எவ்வளவு தூரம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தியாவின் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: இங்கிருந்து காஷ்மீர் எவ்வளவு தூரம்? கேட்டவர்களில் எவருக்கும் காஷ்மீர் போகும் எண்ணம் இல்லை. அசாமின் மலைக்கிராமத்தில் இருந்தவருக்கும், பஸ்தர் காட்டில் இருந்தவருக்கும், சிந்து மணல்வெளியில் இருந்தவருக்கும் அந்தத் தொலைவு தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. கேள்விக்கு விடை வேண்டியிருக்கவில்லை. கேள்வியின் மொழிபெயர்ப்பே வேண்டியிருந்தது. அதே தாளில் வெள்ளைக் குதிரையின் சேணம் வீட்டுக்குள் இருப்பதாக ஒரு வாக்கியமும், சிற்றப்பன் மகன் இன்னாரின் தங்கையை மணந்ததாக ஒரு வாக்கியமும் இருந்தன. எண்ணுப்பெயர், உடலுறுப்பு, உறவுமுறை, இடப்பெயர், வினைத்திரிபு என வரிசையாக 241 உருப்படிகள். 1866இல் வங்காள ஆசியவியல் கழகத்தில் ஜார்ஜ் கேம்பல் வகுத்த பட்டியலின் வழிவந்தது அது. குதிரையையே காணாத ஊர்களிலும் சேணத்துக்கு ஒரு சொல் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது, எழுதியும் அனுப்பினார்கள்.

இந்திய மொழி அளவாய்வு என்ற பெரும்பணி இப்படித்தான் நடந்தது. அதன் கண்காணிப்பாளர் ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன். 1851இல் டப்ளின் அருகே பிறந்தவர். 1873இல் இந்தியக் குடிமைப்பணி அதிகாரியாக வங்காளம் வந்தவர். 1886இல் வியன்னாவில் கூடிய கீழைத்தேயவியல் மாநாடு, இந்திய மொழிகளை முறையாக அளவாய்வு செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அரசு தயங்கித் தயங்கி இசைந்தது. 1898இல் கிரியர்சன் பொறுப்பேற்றார். பொறுப்பேற்ற கையோடு அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்! ஐரோப்பிய நூலகங்களையும் அறிஞர்களையும் கலந்துகொள்ள வசதி என்பது சொல்லப்பட்ட காரணம். 1903இல் குடிமைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பணி தொடர்ந்தது. சர்ரே வட்டாரத்தில் கேம்பர்லி என்ற சிற்றூரில் இருந்த வீட்டில் அமர்ந்து அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாள்களைப் படித்தார், திருத்தினார், வகைப்படுத்தினார். 11 தொகுதிகள், 19 பகுதிகள். முதற்பகுதிகள் 1903இல் வெளிவந்தன. முன்னுரைத் தொகுதி 1927இலும், ஒப்பீட்டுச் சொற்பட்டியல் 1928இலும் வந்தன. 179 மொழிகள், 544 கிளைமொழிகள் என்று கணக்கு முடிந்தது. இந்தியாவின் மொழிகளைப் பற்றிய மிகப்பெரிய நூல், இந்தியாவில் எழுதப்படவில்லை.

இன்று நேரில் கூடிச் செய்யும் பணி, தொலைவிலிருந்து செய்யும் பணி என்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் வாதத்தில் இந்த வரலாறு அபூர்வமாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. 2020இல் ஊரடங்கு வந்தபோது களப்பணி மாணவர்கள் பலர் வாட்ஸ்அப் வழியாகச் சொற்பட்டியல் அனுப்பி, குரல்பதிவு பெற்று, ஆய்வேட்டின் அத்தியாயங்களை முடித்தனர். அதன்பின், களத்துக்குப் போகாமலே ஆவணப்படுத்தலாம் என்றொரு கருத்தும், போகாதவன் மொழியியலாளனே அல்லன் என்றொரு கருத்தும் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டுமே தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் அளப்பவை. கேம்பர்லியின் கதையை நெருங்கிப் பார்த்தால், தொல்லை கொடுத்தது கடல் அல்ல என்பது தெரியும்.

பணி நடந்த முறையை முதலில் பார்க்க வேண்டும். முதற்கட்டமாக ஒவ்வொரு மாவட்ட அதிகாரிக்கும், சமஸ்தானங்களில் இருந்த அரசியல் முகவருக்கும் படிவம் போயிற்று: உங்கள் எல்லைக்குள் பேசப்படும் மொழிகள் எவை? பேசுவோர் எத்தனை பேர்? வந்த விடைகளிலிருந்து மாகாணவாரியாகப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அடுத்த கட்டமாக ஒவ்வொரு மொழிக்கும் கிளைமொழிக்கும் மூன்று மாதிரிகள் கேட்கப்பட்டன. ஒன்று, விவிலியத்தின் ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு. தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்கள் மூன்றும், வேற்றுமைகளில் பெரும்பாலானவையும், முக்காலமும் அந்தச் சிறுகதையில் வந்துவிடுகின்றன என்பதே அதைத் தேர்ந்தமைக்குக் காரணம். இந்திய மனங்களைப் புண்படுத்தக்கூடிய இடங்கள் மட்டும் சற்றே மாற்றப்பட்டன. இரண்டு, பேசுவோர் வாயிலிருந்தே எடுத்த ஒரு கதையோ பாட்டோ வாக்குமூலமோ. மூன்று, மேலே சொன்ன 241 உருப்படிப் பட்டியல். வட்டார எழுத்திலும் உரோமன் எழுத்திலும் எழுதி, வரிக்கு வரி பொருள் கொடுத்து அனுப்ப வேண்டும்.

அதிகாரி இதைத் தாமே செய்யவில்லை. அவரிடமிருந்து தாசில்தாருக்கு, அவரிடமிருந்து பள்ளி ஆசிரியருக்கோ எழுத்தருக்கோ, அவரிடமிருந்து ‘அந்த மொழி தெரிந்த’ ஒருவருக்கு என்று தாள் இறங்கியது. பிறகு அதே படிகளில் ஏறியது. பேசியவரின் நாவுக்கும் கேம்பர்லி மேசைக்கும் இடையே நான்கைந்து கைகள். ஒவ்வொரு கையும் தனக்குத் தெரிந்த ‘நல்ல மொழி’யின் பக்கம் வாக்கியத்தைக் கொஞ்சம் இழுத்தது. எழுத்தர் இந்தி படித்தவராயின் கிளைமொழியின் வினைமுற்று இந்தி முற்றாக மாறியது. மராத்தி படித்தவராயின் அந்தச் சாயல். இது எவரின் தீய எண்ணமும் அன்று. அரசுக்கு அனுப்பும் தாளில் கொச்சை இருக்கக்கூடாது என்ற நாகரிக உணர்வு மட்டுமே. சில மாதிரிகளின் தலைப்பில் அனுப்பியவர் பெயர் உண்டு. பலவற்றில் மாவட்டத்தின் பெயரும் ஆண்டும் மட்டுமே. பேசியவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. பெண் பேச்சு என்று அடையாளம் காணத்தக்க மாதிரிகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏணியின் படிகள் அனைத்திலும் ஆண்களே நின்றார்கள்.

மொழிப்பெயர் என்ற முதற்படியிலேயே சிக்கல் தொடங்கியது. கிரியர்சனே முன்னுரையில் இதை நகைச்சுவையோடு விவரிக்கிறார். சிற்றூர்க்காரருக்குத் தாம் பேசுவதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாது. பத்துக் கல் தொலைவில் இருப்பவரின் பேச்சுக்குத்தான் அவரிடம் பெயர் இருக்கும். அந்தப் பெயரோ பெரும்பாலும் ஏளனப்பெயர். இப்படி அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்களே படிவத்தில் ஏறின. ஒரே பேச்சு இரண்டு மாவட்டங்களில் இரண்டு மொழியாயிற்று. இரண்டு பேச்சுகள் ஒரே பெயரில் ஒன்றாயின. நேரில் இருப்பவர் ஒரு மாலைப்பொழுதில் பேசித் தெளிந்திருக்கக்கூடிய ஐயம், கேம்பர்லியிலிருந்து கடிதமாகப் புறப்பட்டு மாகாணத் தலைநகர் வழியே ஊர்வந்து சேர வாரங்கள் ஆகும். விடை திரும்ப அத்தனை வாரங்கள். அதற்குள் எழுத்தர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு கிரியர்சனைக் களம் அறியாத நாற்காலி அறிஞர் என்று தள்ளிவிட்டால் அது அநீதி. அளவாய்வுக்கு முன்னர் அவர் பீகாரில் கழித்த ஆண்டுகள் முழுக்க நேரடிக் கேள்வியின் ஆண்டுகள். மதுபனி உட்கோட்டத்தில் பணியாற்றினார். 1883 முதல் 1887 வரை பீகாரி கிளைமொழிகளுக்கு ஏழு இலக்கணங்கள் வெளியிட்டார். 1885இல் வந்த ‘பீகார் உழவர் வாழ்க்கை’ என்ற நூல் ஏர், வண்டி, செக்கு, நெசவுத்தறி என ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு உறுப்புக்கும் உழவர் வழங்கும் பெயரைப் படத்தோடு தருகிறது. வண்டிச் சக்கரத்தின் பாகங்களை வண்டியின் அருகே குனிந்து நின்று கேட்காமல் அத்தகைய நூல் எழுத முடியாது. அளவாய்வின் பீகாரி, ஒடியா பகுதியைப் படிப்பவர் அதை வேறு சில பகுதிகளோடு ஒப்பிட்டால் நடையிலேயே வேறுபாடு தெரியும். பீகாரித் தாளில் எழுத்தர் செய்த பூச்சு அவர் கண்ணுக்குப் பட்டுவிடுகிறது; இந்தச் சொல் இப்படி ஒலிக்காது என்று சொல்லும் துணிவு வருகிறது. தாம் ஒருபோதும் காதால் கேளாத மொழிகளில் அவர் தாளையே நம்ப வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து ஆற்றும் பணி முன்பு நேரில் ஈட்டிய முதலைச் செலவழித்தே நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தாள் எதைச் சுமக்காது என்பதற்கு ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளலாம்: அந்த வெள்ளைக் குதிரை. இந்தியிலும் பஞ்சாபியிலும் குதிரைக்கு ‘கோடா’ என்ற ஒரே சொல். முதலெழுத்து, ஒலிப்புடைய மூச்செழுத்து. நாகரியிலும் குர்முகியிலும் அப்படியே எழுதப்படும். இந்தி பேசுபவர் எழுத்தில் உள்ளபடியே மூச்சோடு ஒலிப்பார். பஞ்சாபி பேசுபவர் நாவில் மூச்சும் இல்லை, ஒலிப்பும் இல்லை. வெறும் வல்லெழுத்து வரும், அதனோடு குரல் தாழ்ந்து ஏறும் ஒரு தொனி வரும். பழைய மூச்செழுத்து மறைந்த இடத்தில் தொனி முளைத்த மொழி பஞ்சாபி. இரண்டு தாள்களையும் கேம்பர்லி மேசையில் அருகருகே வைத்தால் குதிரை ஒரே குதிரைதான். இந்தத் தொனியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கிரேயம் பெய்லி. வசீராபாத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மிஷனரி அவர். கேள்வித்தாள் எதிலும் ‘உங்கள் மொழியில் தொனி உண்டா’ என்ற கேள்வி இல்லை. அங்கே வாழ்ந்தவரின் காதில் அது கேட்காமலே விழுந்தது.

அதே கிரியர்சனின் மேசைக்கு முற்றிலும் வேறு வழியில் வந்த ஒரு கட்டுக் காகிதமும் உண்டு. 1896இல் அவுரல் ஸ்டைன் காஷ்மீரத்தின் மோகந்த் மர்க் என்ற உயரமான மலைப் புல்வெளியில் முகாமிட்டிருந்தார். சிந்துப் பள்ளத்தாக்கின் பன்சில் ஊரைச் சேர்ந்த ஹாதிம் என்ற எண்ணெய் ஆட்டுபவரை அங்கு வரவழைத்துக் கதைகள் சொல்லக் கேட்டார். ஹாதிம் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஸ்டைனுக்குக் காஷ்மீரி இலக்கணத்தில் ஆழ்ந்த புலமை கிடையாது. காதில் விழுந்ததை உரோமன் எழுத்தில் ஒலியாகவே எழுதினார். பண்டிதர் கோவிந்த கௌல் அதே வேளையில் அதே கதையை நாகரியில் எழுதினார். கௌல் கற்றறிந்தவர், ஆகவே சொல்லின் சரியான வடிவம் எதுவோ அதை எழுதினார். ஒரே வாய், இரண்டு காதுகள், இரண்டு பிரதிகள். பண்டிதரின் பிரதியில் இலக்கணம் தெளிவு. ஸ்டைனின் பிரதியில் ஒலி தெளிவு. பண்டிதர் 1899இல் மறைந்தார். 1912இல் ஸ்டைன் ஹாதிமை மீண்டும் அழைத்துக் கேட்டபோது கிழவரின் நினைவில் கதைகள் அப்படியே இருந்தன. இரண்டு பிரதிகளையும் கேம்பர்லியில் வைத்து ஒப்பிட்டு, மொழிபெயர்த்து, சொல்லடைவு கட்டியவர் கிரியர்சன். 1923இல் அது நூலாயிற்று. நூலின் பெயரே ‘ஹாதிமின் கதைகள்’. அளவாய்வின் ஆயிரக்கணக்கான பக்கங்களில் பெயரற்றுப் போனவர்களை நினைத்தால் இந்தத் தலைப்பின் பெறுமதி புரியும். கோவிந்த கௌலைப் பற்றிய நினைவுக் குறிப்பொன்றும் அதில் உண்டு.

இதிலும் நேரில் சந்தித்தல் என்பதைப் பூசித்துவிட வேண்டியதில்லை. ஸ்டைன் ஹாதிமின் ஊருக்குப் போகவில்லை. ஹாதிம்தான் மலையேறி வந்தார். துரை கூடாரத்தின் முன் அமர்ந்து சொல்லும் கதையும், குளிர்கால இரவில் அண்டைவீட்டார் நடுவே சொல்லும் கதையும் ஒன்றாக இருந்திருக்குமா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஆனால் கிரியர்சன் அளவாய்வுக்குப் பெற்ற தாளோடு ஒப்பிடுகையில் இங்கே ஒரு வேறுபாடு தீர்மானகரமானது. ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது என்பது தெரிந்திருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்தும் அதே மனிதரிடமே கேட்க முடிந்தது.

தொலைவிலிருந்தே செம்மையாக நடந்த பணிகளும் உண்டு. அவை எந்த வகையானவை என்று பார்ப்பது பயன் தரும். புணேயின் பண்டார்கர் கீழைத்தேயவியல் ஆய்வு நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்புப் பணியை 1919இல் தொடங்கியது. 1925இல் வி. எஸ். சுக்தங்கர் தலைமைப் பதிப்பாசிரியரானார். ஆதிபர்வம் 1933இல் முழுமையுற்றது; முழுப்பணி 1966இல் நிறைவுற்றது. பார்வையிடப்பட்ட சுவடிகள் 1,259. சுவடிகளை ஒப்பிடும் வேலை புணேயில் மட்டும் நடக்கவில்லை. சாந்திநிகேதனிலும் தஞ்சாவூர்ச் சரசுவதி மகாலிலும் துணைநிலையங்கள் இருந்தன. கிரந்தச் சுவடியைப் படிக்கத் தஞ்சைச் சாத்திரிகளைவிடத் தகுந்தவர் யார்? ஊர்கள் வேறாயினும் தாள் ஒன்று. கட்டம் கட்டமாகக் கோடிட்ட பெரிய தாளின் மேல்வரிசையில் சுலோகத்தை ஒரு கட்டத்துக்கு ஓர் அசையாக எழுதி, ஒவ்வொரு சுவடியின் வேறுபாட்டையும் அதற்குரிய அசையின் கீழ் எழுதினார்கள். தஞ்சையில் நிரப்பிய தாளைப் புணேயில் விரித்தால் விளக்கக் கடிதம் வேண்டியதில்லை. தாளிலேயே ஒழுங்கு இருந்தது. அதோடு, சுவடி ஓடிப்போகாது. ஐயமெனில் அதே ஏட்டை மறுபடி புரட்டலாம். துரையைக் கண்டு ஏடு தன் எழுத்தைத் திருத்திக்கொள்வதும் இல்லை. எந்தப் பாடம் மூலம், எது இடைச்செருகல் என்ற முடிவுகள் மட்டும் புணேயில் பதிப்பாசிரியர் மேசையில் எடுக்கப்பட்டன. மனிதப் பேச்சை ஓலைச்சுவடி போலத் தாளில் வரவழைக்கலாம் என்று நம்பியதே அளவாய்வின் அடிப்படைப் பிழை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் 1898இல் வேறு வழி இருந்ததா என்று கேட்டால் இல்லை என்பதே நேர்மையான விடை.

திராவிட மொழியியல் படிப்போருக்கு இந்தக் கதையின் மிகக் கூர்மையான இடம் நான்காம் தொகுதி. முண்டா, திராவிட மொழிகளுக்குரிய அத்தொகுதி 1906இல் வந்தது. அதை ஆக்கியவர் நார்வே நாட்டு அறிஞர் ஸ்டென் கோனோ. அளவாய்வு மதராஸ் மாகாணத்தையும், ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களையும், பர்மாவையும் தொடவில்லை. எனவே விசித்திரமான நிலை ஒன்று ஏற்பட்டது. பம்பாய் மாகாணத்தில் அலைந்து திரிந்த கைக்காடிகளின் பேச்சும் கொரவர் பேச்சும் தமிழின் கிளைகளாக மாதிரியோடு ஏறின; தஞ்சாவூர் உழவரின் பேச்சைக் கேட்டுச் சுற்றறிக்கை போகவில்லை. திராவிடக் குடும்பத்தின் பெரும்பகுதி எந்த நிலத்தில் இருந்ததோ அந்த நிலமே வரைபடத்தில் வெற்றிடம்.

அந்தத் தொகுதியில் பர்ஜி என்ற பேச்சு கோண்டியின் கிளையாக வைக்கப்பட்டிருந்தது. பஸ்தரில் துருவா மக்கள் பேசுவது அது. சுற்றிலும் கோண்டி, பேசுவோரும் காட்டுவாசிகள், கிடைத்த மாதிரியோ சொற்பம். எனவே கோண்டியில் ஒன்று என்று தாளிலிருந்து முடிவு கட்டுவது இயல்பே. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த முடிவு நின்றது. பின்னர் ஆக்ஸ்போர்டின் தாமஸ் பரோவும், இந்திய மானிடவியல் துறையைச் சேர்ந்த சுதிபூஷண் பட்டாசார்யாவும் பஸ்தருக்குப் போய்ப் பேசுவோர் முன் அமர்ந்தனர். 1953இல் அவர்களுடைய ‘பர்ஜி மொழி’ வெளிவந்தது. பர்ஜி கோண்டியின் கிளை அன்று, தனிமொழி, அதன் நெருங்கிய உறவு கோலாமியோடும் ஒல்லாரியோடும். இன்றைய வகைப்பாட்டின்படி கோண்டி தென்நடுத் திராவிடக் கிளை, பர்ஜி நடுத் திராவிடக் கிளை. அதாவது தவறு ஒரு கிளைமொழி அளவில் நின்றதன்று. குடும்பமரத்தின் ஒரு கொம்பையே இன்னொரு கொம்பில் கட்டிவைத்த தவறு. அதே இருவர் கோராபுட் பகுதியில் பெங்கோ, மண்டா முதலிய மொழிகளையும் வெளிக்கொணர்ந்தனர். ஆனால் இவற்றை அளவாய்வு தவறவிட்டதற்கு அஞ்சல் முறையைக் குறைசொல்லக் கூடாது. அக்காலத்தில் கோராபுட், மதராஸ் மாகாணத்தின் விசாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1936இல்தான் ஒரிசாவோடு சேர்ந்தது. போகாத இடத்தின் மொழி, நேரில் போகாததாலும் தெரியவில்லை, தாள் போகாததாலும் தெரியவில்லை.

இதே பரோதான் தொலைவுக்கூட்டுக்கும் தலைசிறந்த எடுத்துக்காட்டாக நிற்கிறார். திராவிட வேர்ச்சொல் அகராதியின் ஆசிரியர் இருவர்: ஆக்ஸ்போர்டில் பரோ, கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் மரே எமனோ. 1961இல் முதற்பதிப்பு, 1968இல் பின்னிணைப்பு, 1984இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு திருந்திய பதிப்பு. அட்லாண்டிக் கடலும் ஓர் அமெரிக்கக் கண்டமும் இடையில் கிடக்க, அச்சில் இருவர் குரலும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றிய நூல் அது. கிரியர்சனுக்கு இடறிய தொலைவு இவர்களுக்கு ஏன் இடறவில்லை? எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து நீலகிரியின் தோடர், கோத்தர் பேச்சுகளையும், குடகையும், கோலாமியையும் தம் காதால் கேட்டுக் குறித்தவர். கோத்தர் மொழிக் கதைகளைச் சுல்லி என்ற ஒரே மனிதரிடம் மாதக்கணக்கில் அமர்ந்து எழுதியவர். பரோவுக்கு பர்ஜியும் பெங்கோவும் அப்படி. ஒருவர் அனுப்பிய சொல்லை மற்றவர் ஐயுற்றால் ‘நான் கேட்டேன்’ என்றோ ‘நான் கேட்கவில்லை, இன்ன அகராதியிலிருந்து எடுத்தேன்’ என்றோ பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்தப் பிரிப்புதான் கேம்பர்லிக்கு வந்த தாள்களில் இல்லாமற் போனது. இருவருக்கும் பொதுவான குறியீட்டு முறை இருந்தது. அகராதிப் பதிவு என்பதும் மகாபாரதத் தாளைப் போலவே கட்டத்துக்குள் அடங்கும் பொருள்.

நேரில் அமர்வதற்கும் விலை உண்டு என்பதைச் சுல்லியே காட்டுகிறார். பெரும்பகுதி ஒரே மனிதரின் கோத்தர் மொழி அது. ஆங்கிலம் அறிந்த, வெளியுலகம் கண்ட, தம் சமூகத்தில் மாற்றம் வேண்டி நின்ற ஒருவரின் மொழி. மானிடவியலாளர் மண்டல்பாமுக்கும் அவரே வழிகாட்டி. ஒரு மொழியின் வாசலில் நிற்கும் மனிதர் நமக்குக் கிடைத்துவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர்களைக் கேட்க மறந்துபோகிறோம். கிரியர்சனின் முறையில் ஆழம் குறைவு, ஆனால் பரப்பு இருந்தது. எந்த ஆய்வாளரும் தம் வாழ்நாளில் நூற்றெழுபது மொழிகளின் முன் அமர முடியாது. அவருடைய வரைபடம் இல்லாதிருந்தால் பரோவும் பட்டாசார்யாவும் எங்கே போய் ஐயப்படுவது என்பதே தெரிந்திருக்காது. பஸ்தரின் பர்ஜி தவறாகவேனும் பதிவாகியிருந்தது. அந்தத் தவறு ஒரு முகவரியாகப் பயன்பட்டது.

2010இல் வடோதராவிலிருந்து கணேஷ் தேவி தொடங்கிய மக்கள் மொழி அளவாய்வு, இந்த நூற்றாண்டுக் கணக்கை வேறு விதமாகத் தீர்க்க முயன்றது. அந்தந்த மொழி பேசுவோரையே எழுதச் செய்து, மாநிலந்தோறும் பயிலரங்குகளில் கூட்டி, விவாதித்து, 780 மொழிகளைப் பட்டியலிட்டது. மொழியியல் துறையினர் பலர் அதன் விவரிப்புகளில் இலக்கண நுணுக்கம் போதாது என்றனர். அந்த விமர்சனம் நியாயமானதே. ஆயினும் பெயர் என்ற முதற்படியில் அது கிரியர்சனைவிட உறுதியாக நிற்கிறது. தம் பேச்சுக்கு என்ன பெயர் என்பதைப் பேசுவோரே சொன்னார்கள், அண்டைவீட்டார் சொல்லவில்லை.

இன்றைய வாட்ஸ்அப் களப்பணியை இந்த வரிசையில் எங்கே வைப்பது? ஐயத்துக்கு விடை பெற வாரக்கணக்கில் காத்திருந்த காலம் நொடிகளாகச் சுருங்கிவிட்டது. இடைப்பட்ட தாசில்தாரும் எழுத்தரும் மறைந்துவிட்டனர். குரலே வருவதால் பஞ்சாபிக் குதிரையின் தொனியும் வருகிறது. கிரியர்சனின் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைபேசி மருந்து. அதை மறுப்பது வீம்பு. பிடிபடாமல் நழுவுவது வேறொன்று: கேட்காத கேள்விக்குக் கிடைக்கும் விடை. திண்ணையில் காத்திருக்கும் பொழுது உள்ளிருந்து பாட்டி பேரனை அதட்டும் ஏவல்முற்று, கைபேசிக்கு முன் அமர்ந்த படித்த இளைஞரின் வாயில் வருவதில்லை. அவரும் ஒரு வகையில் பழைய எழுத்தரே. அனுப்புமுன் கொச்சையைத் துடைக்கிறார். ஒருமுறை ஊர்போய்த் தங்கிவந்த மாணவருக்கு அந்தத் துடைப்பு கேட்டுவிடும், போகாதவருக்குக் கேட்காது. ஆய்வு உதவித்தொகையில் பயணச்செலவைக் குறைத்து, சந்தாத் தொகையையும் மென்பொருளையும் கூட்டும் நிதிக்குழுக்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது கணக்கில் எடுக்கலாம். முதல் ஆண்டின் பயணத்தை வெட்டுவதும் நான்காம் ஆண்டின் பயணத்தை வெட்டுவதும் ஒன்றல்ல.

அளவாய்வின் கடைசிக் கட்டத்தில் கிரியர்சனுக்கே தாளின் போதாமை உறுத்தியது. 1913 முதல் 1929 வரை மாகாண அரசுகள் வழியாகக் கிராமபோன் தட்டுகள் பதிவாயின. அதே ஊதாரி மைந்தன் கதை, பல மொழிகளில், இம்முறை மனிதக் குரலில். இங்கிலாந்தில் அமர்ந்திருந்தவர், தாம் முப்பது ஆண்டுகளாகத் தாளில் மட்டும் கண்ட மொழிகள் சிலவற்றை ஒலியாகக் கேட்டார். 1941இல் கேம்பர்லியிலேயே அவர் காலமானார். தட்டுகளின் ஒலி இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் கேட்கும்படி கிடக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய மூச்சும் இருமலும் தெளிவாகவே விழுகின்றன. ஓரிடத்தில் சொல் புரியாவிட்டால் தட்டைத் திரும்பச் சுழலவிடலாம். பேசியவரிடம் கேட்க வழியில்லை.